கார்த்திகையில் வந்த மஞ்சள் பட்டாம்பூச்சி

இதை எழுதலாமா கூடாதா என்று யோசித்தே எத்தனையோ வருஷத்தை ஓட்டிவிட்டேன். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் பேனாவை எடுப்பேன். முதல் வரி வருவதற்குள் பயம் வந்துவிடும். எங்கள் வீட்டுக் கன்னியைப் பற்றிய காரியம் இது. அவளைக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடுமோ, பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று மூடி வைத்துவிடுவேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் அவளையே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சொல் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை அங்கே வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். கன்னி என்று சொல்வார்கள். அவளுக்கென்று ஒரு ஓலைப்பெட்டி. அதற்குள் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். சர்க்கரைப் பொங்கலும் எள்ளுருண்டையும் படைத்து, வாசல் கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவள் வந்ததற்கு ஒரு அடையாளம் கிடைத்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்த பழைய பாவாடையை வீட்டிலிருக்கும் சின்னப்பெண் உடுத்த வேண்டும்.

எங்கள் வீட்டுக் கன்னி, பெரியம்மாவின் ஒரே மகள். எனக்கு அக்கா முறை. ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு அடுத்த பெண் நான்தான் என்பதால் பெட்டிப் பாவாடை எல்லாம் எனக்கே வந்தது. தீபாவளிப் பாவாடையைவிட அதன்மேல்தான் எனக்கு ஆசை. தாழம்பூ வாசனை அடிக்கும். மற்ற வீடுகளில் கன்னிக்கு எப்போதும் ஒரே அளவுதான் தைப்பார்கள். பெரியம்மா அப்படிச் செய்ய மாட்டாள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் நீளம் கூட்டுவாள். “பிள்ளை வளருமில்லா” என்பாள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அக்கா எங்களுக்குப் பட்டாம்பூச்சியாகத்தான் வருவாள். புல்மேல் தாழப் பறக்குமே, சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சி, அது. மாசி மாசம் கும்பிடுகிற அன்று எப்படியும் ஒன்று வாசல் வழியாக வந்து, படையல்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, எங்காவது உட்காரும். இறக்கையை மூடி உட்காரும்போது அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு பொட்டுத் தெரியும். அக்காவுக்கு உதட்டோரம் அதே நிறத்தில் ஒரு மச்சம் உண்டு. பெரியம்மா கைகளைக் கூப்பிக்கொண்டு, “பாருங்க, மச்சத்தோட வந்திருக்கா” என்பாள். அதன்பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் தியாகராய நகரில் ஒரு சின்ன ஜவுளிக்கடை போட்டார்கள். குடும்பத்தையும் கூட்டி வந்துவிட்டார்கள். கடைக்குப் பின்தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பெரியம்மா ரயிலில் ராத்திரி முழுக்க ஓலைப்பெட்டியை மடியில் வைத்தபடி வந்தாள். யாரையும் தொட விடவில்லை.

பட்டணத்தில் முதல் மாசி வந்தது. முறைப்படி எல்லாம் செய்தோம். கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. கீழே ரிக்‌ஷா மணியும் பூக்காரி சத்தமும் வந்தன, பூச்சி வரவில்லை. பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது. சாயங்காலம் பல்லி ஒன்று கத்தியது. “சொல்லிட்டா, சொல்லிட்டா” என்று அம்மா அவசரமாக எழுந்தாள். பெரியம்மா எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பேச்சுக் குறைந்தது. எனக்குத் தலை பின்னி விடுவாள், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள், ஆனால் கண் ஜன்னலில் இருக்கும். ஆவணியில் ஒருநாள் தன் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

“என் பிள்ளைக்கு இந்த ஊருக்கு வழி தெரியல. அது அங்க ஒத்தையில உக்காந்திருக்கு. நான் போறேன்.”

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். “அங்க போயி? உனக்கு அங்க யாரு இருக்கா?”

“அவ இருக்கா.”

பெரியப்பா கடையில் சிரித்துப் பேசுகிறவர் இல்லை, வீட்டிலும் இல்லை. அவர் சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தணிந்த குரலில் சொன்னார்: “தீவாளி யாவாரம் முடியட்டும். கார்த்திகையில ஒருக்கா கூப்பிட்டுப் பாப்போம். அப்பவும் வரலன்னா நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்.”

பெரியம்மா சம்மதித்தாள். டிரங்குப் பெட்டி மட்டும் மறுபடி பரண்மேல் ஏறவில்லை. சுவரோரமாக அங்கேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் நாங்கள் போய் வந்தோம்.

தீபாவளி முடிந்து, மழையும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கடைக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துப் போனேன். துணி பேல்களுக்குப் பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

“அடையாத்துப் பக்கம் காலிமனை எல்லாம் புல்லாக் கெடக்குன்னு சொன்னேல்லா? நாளைக்குப் போயி ஒரு பூச்சி பிடிச்சிட்டு வா.”

“என்னண்ணே சொல்லுத? சாமி காரியம்லா?” இது சித்தப்பா.

“பாவம்னா என் தலையில விடியட்டும். அவ போயிட்டா நான் என்னத்தலே செய்வேன்?”

அந்தக் கடைசிப் பேச்சில் அவர் குரல் எனக்குத் தெரியாத ஒரு குரலாக இருந்தது. கேரியரை நான் தரையில் வைத்த சத்தத்தில் இருவரும் திரும்பினார்கள். பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, “இவளையும் கூட்டிட்டுப் போ” என்றார்.

சித்தப்பா கல்யாணம் ஆகாதவர். சதா சிரிக்கிறவர். ஆனால் பக்தியில் அண்ணனுக்குக் குறைந்தவர் இல்லை. மறுநாள் காலையில் என்னைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார். தானும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டார். தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய். செய்யப் போவது ஏமாற்று வேலை, அதற்கும் இத்தனை ஆசாரம். அப்போது எனக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போவதுபோல் ஈரத்தலையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் சட்டைகள் வந்த ஒரு அட்டைப்பெட்டி. மூடியில் காற்றுக்காக ஊசியால் குத்திய ஓட்டைகள்.

“பிடிக்கது நீதான்ட்டி” என்றார் சித்தப்பா. “கன்னி காரியம். ஆம்பிள தொடக் கூடாது.”

அடையாற்றுப் பாலம் தாண்டி இறங்கினோம். இன்றைக்கு அங்கே போனால் நம்ப மாட்டீர்கள். அன்று வீடுகள் இங்கொன்று அங்கொன்று. மற்றபடி எல்லைக்கல் நட்ட காலிமனைகளும், மழை குடித்து இடுப்புயரம் வளர்ந்த புல்லும், அதற்குள் தகரைச் செடியும்தான். புல்லுக்கு மேலே மஞ்சள் மஞ்சளாகப் பறந்தன. ஊரில் ஒன்று வந்தாலே கும்பிடுவோம். இங்கே எண்ண முடியவில்லை. எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளோ எல்லாம் இங்கே வந்துவிட்டார்களா என்று நினைத்தேன்.

கடையிலிருந்து கொண்டுவந்த மல் துணியை விரித்துக்கொண்டு ஓடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அவை உயரப் பறப்பதில்லை, ஆனால் ஒரு இடத்தில் நிற்பதும் இல்லை. சித்தப்பா பூச்சி தன்மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் தள்ளி நின்று, “அந்தா, அந்தா, காலடியில” என்று கத்திக்கொண்டிருந்தார். எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா நைனா, கொயந்தைய வுட்டு இன்னா தேடிகினு கீற?”

“பூச்சி பிடிக்கோம்மா.”

“பூச்சியா? எதுக்கு, மருந்துக்கா?”

“சாமிக்கு.”

அந்த அம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். “சாமிக்கு ஆடு குடுப்பாங்கோ, கோயி குடுப்பாங்கோ. பூச்சி துன்ற சாமி எந்த ஊரு சாமிப்பா அது?”

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “திங்கதுக்கு இல்லம்மா!” என்றார். அவள் ஒரு பாட்டம் சிரித்து முடித்து, என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். “வா பாப்பா. ஓடிகினே கீறதை ஏன் தொரத்துற? அந்தாண்ட பாரு, எருமைங்க மூத்திரம் வுட்ட எடத்துல மொய்ச்சிகினு கீது.”

உண்மைதான். ஈரத்தரையில் கூட்டமாக உட்கார்ந்து, மஞ்சள் காகிதத்தைக் கிழித்துச் செருகியதுபோல் இறக்கைகளை மூடிக்கொண்டு எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தன. துணியைப் போட்டேன். மூன்று சிக்கின. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலைக்குக் குளித்து, தேங்காய் உடைத்து, கடைசியில் கன்னியை எருமை மூத்திரத்திலிருந்து எடுத்துப் போகிறோம்.

“இதை மட்டும் அண்ணன்கிட்ட சொல்லிராதட்டி” என்றார்.

திரும்பும்போது மூடியைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தேன். தூரத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தவை பக்கத்தில் அப்படி இல்லை. ஒன்றுக்கு மேல் இறக்கையைச் சுற்றி அகலமாகக் கறுப்புக் கரை, கண்டாங்கிச் சேலைபோல. இன்னொன்று ரொம்பச் சின்னது, கரை மெலிசு. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், அடியில் சில கறுப்புப் புள்ளிகள். பழுப்பு மச்சம் எதற்கும் இல்லை.

“மச்சம் இல்லையே சித்தப்பா.”

“எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான். அக்கா தங்கச்சியா இருக்கும். மதினி அழுத கண்ணோட எங்க மச்சத்தைப் பாக்கப் போறாக?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரியம்மா புதுப் பாவாடையைப் பெட்டியில் வைத்தாள். இலைப்பச்சையில் அரக்குக் கரை. அதற்கான துணியை வருஷா வருஷம் பெரியப்பாதான் தன் கையால் வெட்டித் தருவார். விளக்கேற்றி, படைத்து, எல்லோரும் உட்கார்ந்தோம். சித்தப்பா மட்டும் வயிற்றுவலி என்று பின்பக்கம் போய்விட்டார். குளியலறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் சுவர் உச்சியில் ஒரு ஓட்டை உண்டு. அவர் அங்கே வாளியைக் கவிழ்த்து ஏறி நிற்பது எனக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, “வாட்டி அம்மா, வாட்டி” என்று முணுமுணுத்தாள். பெரியப்பா இருமினார். அதுதான் அடையாளம்.

மூன்றும் ஓட்டை வழியாக வந்தன. கறுப்புக் கரை போட்டது நேரே ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் வெளியே பறந்துவிட்டது. சின்னது குத்துவிளக்கைச் சுற்றிவிட்டு எங்கோ மறைந்தது. மூன்றாவது தடுமாறி இறங்கி ஓலைப்பெட்டிக்குள், அந்தப் பச்சைப் பாவாடை மேலேயே உட்கார்ந்து இறக்கையை மூடிக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுத்ததுபோல. அம்மா “ஐயோ தாயே” என்று குலவை இட்டாள். என் கையால் பிடித்துக் கொண்டுவந்த பூச்சி என்பதை நானே மறந்துபோனேன்.

பெரியம்மா முழங்காலால் நகர்ந்து பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். முகத்தைக் குனிந்து, மூச்சு படாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒருவர் ஒரு பூச்சியைப் பார்த்து நான் கண்டதில்லை. நான் அவள் தோளை ஒட்டி இருந்தேன். அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

“மச்சத்தை எங்கட்டி தொலைச்சே?”

அக்காவைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அவள் தலையைத் தூக்கி எதிரே இருந்த பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் கையைக் கூப்பியபடி அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை, மீசை நனைந்திருந்தது. மகள் செத்த அன்றுகூட அவர் அழுததில்லை என்று சொல்வார்கள். பெரியம்மா அவரையும் பூச்சியைப் பார்த்த அளவுக்கே நேரம் எடுத்துப் பார்த்தாள்.

“வந்துட்டா” என்றாள். “எந்திரிங்க. பிள்ளைக்குப் பசிக்கும், இலை போடணும்.”

அந்த மதியம் டிரங்குப் பெட்டி பரண்மேல் ஏறியது. நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரியம்மா போக மாட்டாள். சித்தப்பா வயிற்றுவலி தீர்ந்து வந்து மூன்று பேருக்கான பொங்கலைச் சாப்பிட்டார். “எப்படி?” என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எங்கள் சொந்தக்காரர்களுக்குள் செய்தி பரவிவிட்டது. சாந்தோமிலிருந்தும் நங்கநல்லூரிலிருந்தும் வந்து பெட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பூச்சி மூன்றாகி, மூன்று ஏழாகி, ஏழும் பெரியம்மா தலையைச் சுற்றிப் பறந்ததாக இன்றைக்கும் எங்கள் கல்யாண வீடுகளில் கேட்கலாம்.

அடுத்த வருஷப் பாவாடைக்குத் துணி எடுக்கப் பெரியம்மாவோடு நானும் கடைக்குப் போனேன். பெரியப்பா வழக்கம்போல் பீஸை விரித்து, முழக்கோலை வைத்து, கொஞ்சம் தள்ளிக் கத்தரிக்கோலைக் கொண்டுபோனார்.

“போன வருச அளவே போதும்” என்றாள் பெரியம்மா.

கத்தரிக்கோல் துணிமேல் அப்படியே நின்றது. பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை.

“ஏன் பெரியம்மா? அக்கா வளர மாட்டாளா?”

ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்ததால்தான் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பெரியப்பா கையை இழுத்து, பழைய அளவில் வெட்டி, மடித்துக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் கோணலாக வெட்டிய துணி அது ஒன்றுதான் இருக்கும்.

அந்த மாசிக் கும்பிட்டில் பெரியம்மா கதவைத் திறந்துபோடவில்லை. “தூசி வருது” என்றாள். ஜன்னலையும் சாத்திவிட்டாள். முறை எல்லாம் செய்தாள், ஒரு குறை வைக்கவில்லை. கற்பூரம் காட்டியதும் எழுந்துவிட்டாள். அதன்பிறகு எல்லா வருஷமும் அப்படித்தான். எனக்குக் கால் வலிக்க உட்கார வேண்டாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. பெரியப்பாவை அவள் ஒரு நாளும் எதுவும் கேட்கவில்லை. அவரை அவள் வெறுக்கவும் இல்லை. கடைசிவரை அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பரிமாறினாள். இருவரும் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது.

சில வருஷத்துக்கு முன், மகன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பெண்பிள்ளை தரையோடு தரையாகப் படுத்து மஞ்சள் பட்டாம்பூச்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன். இறக்கை ஓரத்தில் பழுப்புப் பொட்டு. என் கை தானாகக் கும்பிட்டது. அவளிடம், இந்த மச்சம் உள்ளது தனி ஜாதியா என்று கேட்டேன்.

“இல்ல ஆன்ட்டி. இந்தப் புல்வெளி மஞ்சள்ல நாலஞ்சு வகை இருக்கு, பார்த்தா ஒண்ணுபோலவே தெரியும். ஆனா இந்தப் பொட்டை வெச்சுச் சொல்ல முடியாது. ஒரே வகைதான், மழைக்காலத்துல பொறக்கிறதுக்குப் பொட்டு இருக்காது, வெயில் காலத்துல பொறக்கிறதுக்கு வரும். காய்ஞ்ச புல்லுல உக்காந்தா கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு.”

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் நாங்கள் கும்பிட்டது மாசியில், புல் காய்ந்த வெயிலில். பட்டணத்தில் கூப்பிட்டது கார்த்திகையில், மழையில். தீபாவளி யாவாரத்துக்காகத் தள்ளி வைத்த நாள். மச்சம் இல்லாமல் வந்தது அதே பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். பிடித்துக்கொண்டு வந்தால் என்ன, மஞ்சள் பொடியைக் கையால் பிடித்து வைத்துத்தானே பிள்ளையாரைக் கூப்பிடுகிறோம். அவர் வராமலா போகிறார்? இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. மச்சத்தோடு உள்ளவை அந்த மாசியில் அடையாற்றுப் புல்லில் பறந்துகொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் கதவு சாத்தியிருந்தது.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். ஏழு பூச்சி என்று கூட்ட வேண்டாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று குறைக்கவும் வேண்டாம், பெரியப்பா அழுதது பொய்யில்லை. பெரியம்மா ஊருக்குப் போகாமல் இருக்க வேண்டும், எங்கள் எல்லோருக்கும் அன்று வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது நடந்தது. அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று, தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு, கேட்கத் தெரியவில்லை.